எம்வி எடுக்கப் போறோம் அண்ணே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் தமிழ்ப் பாடல்களுக்கு எம்வி, அதாவது மியூசிக் வீடியோ, தொகுப்பது என் வேலை. பாட்டு முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி அனுப்பி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கேட்டவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்கள் என்பதால் இடங்களும் அவைதான்.

"அண்ணே, எம்வி கண்டிப்பா வேணுமா? பாட்ட மட்டும் விட்டா போதாதா?"

போதும். வானொலியில், மின்னல் எஃப்எம்மோ ராகாவோ, உங்கள் பாட்டைப் போட வீடியோ தேவையில்லை. ஸ்பாட்டிஃபைக்கும் தேவையில்லை. ஆனால் நம் ஆட்கள் புதுப் பாட்டைத் தேடுவது யூடியூபில். அங்கே ஏதாவது ஒரு படம் ஓடியாக வேண்டும். வரிகள் ஓடும் லிரிக் வீடியோ போதுமானது. அரைகுறையாக எடுத்த எம்வியைவிட நன்றாகச் செய்த லிரிக் வீடியோ எவ்வளவோ மேல்.

"எவ்ளோ வெள்ளி ஆகும் பிரதர்? சும்மா ஒரு ரேட் சொல்லுங்க."

சும்மா சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். எது காசைத் தின்னும் என்று சொல்கிறேன். முதலாவது, சூட்டிங் நாட்களின் எண்ணிக்கை. இரண்டாவது, இடம் மாறுவது. காலையில் பிரிக்பீல்ட்ஸ், மத்தியானம் அம்பாங், இரவு மீண்டும் நகரம் என்று திட்டம் போட்டால் பாதி நாள் நெரிசலில் காடிக்குள்ளேயே போய்விடும். ஒரே இடம், ஒரே நாள் என்று யோசித்துப் பாருங்கள். கேமரா வாடகை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆட்களுக்குச் சாப்பாடு வாங்குவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

"சினிமாப் பாட்டு மாதிரி ரிச்சா வரணும். முன்னாடி ரெண்டு நிமிஷம் கதை வெச்சுக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு என் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. வேண்டாம். சினிமாவில் பாட்டு வருவதற்குள் அந்தப் பையன் யார், அந்தப் பெண் யார், ஏன் பிரிந்தார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியும். உங்கள் எம்வியில் அது தெரியாது. அதை இரண்டு நிமிட வசனத்தில் சொல்லி முடிக்கலாம் என்று இறங்கினால், நடிப்புப் பயிற்சி இல்லாத நான்கு நண்பர்கள் மம்மாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "மச்சான், அவ உனக்கு வேணாம்டா" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பாட்டு தொடங்கும்முன் பார்ப்பவர் போய்விடுவார். கம்பெனி லோகோ, ஸ்பான்சர் லோகோ, "வழங்கும்" எழுத்து என்று ஆரம்பத்தில் அடுக்குவதும் இதே கதைதான். எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கதை சொல்லியே ஆக வேண்டும் என்றால் பாட்டுக்குள்ளேயே, வசனம் இல்லாமல், ஒரே ஒரு மாற்றத்தைக் காட்டுங்கள். வீட்டில் இருந்தவர் கிளம்புகிறார், அவ்வளவுதான். மூன்றரை நிமிடத்தில் காதல், துரோகம், சிறை, மரணம், மறுபிறவி எல்லாம் அடங்காது.

"கான்செப்டே வரமாட்டேங்குது. கிரியேட்டிவா எப்படி யோசிக்கிறது?"

எனக்குத் தெரிந்த ஒரே வழி, உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்வது. ஓகே கோ என்ற அமெரிக்கக் குழு 2006இல் எட்டு டிரெட்மில்களை வைத்து, கேமராவை அசைக்காமல், வெட்டே இல்லாமல் ஒரு வீடியோ எடுத்தது. ஆடம்பரமான செட்டோ லைட்டோ எதுவும் கிடையாது. அதற்கு 2007இல் கிராமி விருது கிடைத்தது. அவர்கள் செலவழித்தது ஒத்திகைக்கான நேரத்தை.

பாடகர் முகம் வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2014இல் சியா தன் 'சாண்டலியர்' பாட்டுக்கு ஒரு சிறுமியை ஆடவிட்டார், தான் வரவே இல்லை. கூச்ச சுபாவமுள்ள பாடகர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன். கண்ணாடி முன் நின்று சோகமாக வாயசைப்பதைவிட, நன்றாக ஆடும் தங்கச்சி ஒருத்தி அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் ஆடுவது மேல்.

கட்டுப்பாடு என்றால் என்ன மாதிரி? லிஃப்ட் கதவு ஒவ்வொரு மாடியிலும் திறக்கும்போது வேறு ஆள், வேறு காட்சி. பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரும் ஃபெர்ரியில் ஒரே ஷாட். உறுமி மேளக்காரர்களின் கைகள் மட்டும், முகமே இல்லாமல். கடைவீடுகளின் தாழ்வாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துகொண்டே பாடுவது. இவை எல்லாம் நம் ஊரில் செலவில்லாமல் கிடைப்பவை. வாடகை ஸ்போர்ட்ஸ் காடிமேல் சாய்ந்து நிற்பது மட்டும் வேண்டாம். அதைத் தொகுத்துத் தொகுத்து எனக்கே அலுத்துவிட்டது.

"ஸ்லோ மோஷன்ல எடுத்தா வாய் ஒட்ட மாட்டேங்குது. மத்தவங்க எப்படி எடுக்கிறாங்க?"

பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கேமராவை நொடிக்கு 50 பிரேமில் வைத்து எடுக்கிறார்கள். பாடகரும் அந்த வேகத்துக்கே வாயசைக்க வேண்டும். பிறகு அதை 25 பிரேமில் ஓட்டினால் வாய் பாட்டோடு ஒட்டும். தலைமுடி, சேலை முந்தானை, மழைத்துளி எல்லாம் பாதி வேகத்தில் மிதக்கும். இரட்டை வேகப் பாட்டைத் தனிக் கோப்பாக முன்பே தயார் செய்து, தொடக்கத்தில் நாலு தட்டு ஓசை சேர்த்துவிடுங்கள்.

இதற்குப் பயிற்சி வேண்டும். ப, ம வரும் இடங்களில் உதடு முழுதாக மூட வேண்டும். அவசரத்தில் மூடாமல் விட்டால் மெதுவாக்கியதும் அது அப்பட்டமாகத் தெரியும். ராப் பகுதிக்கு இதை முயலாதீர்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். மெல்லப் போகும் பல்லவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் துணிச்சல் இருந்தால் வரிகளைப் பின்னோக்கி வாயசைத்து, படத்தைத் தலைகீழாக ஓட்டலாம். கோல்ட்பிளே பாடகர் கிறிஸ் மார்ட்டின் 'தி சயின்டிஸ்ட்' பாட்டுக்கு அப்படித்தான் பின்னோக்கிப் பாடக் கற்றுக்கொண்டார். உலகம் பின்னால் ஓடும், அவர் மட்டும் சரியாகப் பாடுவார்.

"கடை லைட்டு எல்லாம் வீடியோல துடிக்குதே, ஏன்?"

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு ஒரு நொடிக்கு 100 தடவை மின்னி அணைகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். போன் கேமரா தானாக 1/60 எடுத்துக்கொண்டால்தான் வம்பு. மேலே சொன்ன 50 பிரேம் காட்சிக்கு 1/100. சில மலிவான எல்இடி பலகைகள் எதற்கும் அடங்காது, முந்தின நாளே போய் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

"எந்த மாசம் எடுத்தா மழை வராது?"

கோலாலம்பூரில் அப்படி ஒரு மாதம் கிடையாது. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி நல்ல வெயில், செப்டம்பர், அக்டோபர் ஈரம். வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வரும். ஆறு மணிக்கே ஆட்கள் தயாராக இருந்தால் ஒன்பதுக்குள் முக்கால்வாசி வேலை முடியும். லிட்டில் இந்தியாவிலும் அந்த நேரத்தில்தான் இடம் காலியாக இருக்கும்.

"பர்மிட் எல்லாம் எடுக்கணுமா? எல்லாரும் சும்மாதானே எடுக்கிறாங்க?"

தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தயாரிப்பு நிறுவனங்களுக்கு உரிமமும், படப்பிடிப்புக்குத் தனிச் சான்றிதழும் தருகிறது. சமூக ஊடகத்தில் போடுபவர்களுக்கும் இது பொருந்துமா என்று 2021இல் பெரிய சர்ச்சை கிளம்பியது. தனிமனிதர்கள் தாராளமாக எடுத்துப் போடலாம் என்று அமைச்சரே அப்புறம் விளக்க வேண்டியதாயிற்று. கம்பெனி பெயரில், ஸ்பான்சர் காசில், லைட்டும் ஜெனரேட்டருமாக இறங்குகிறீர்கள் என்றால் உரிமம் உள்ள தயாரிப்பாளர் ஒருவர் மூலம் போங்கள்.

ஃபினாஸ் காகிதம் இருந்தால் மட்டும் எங்கும் கேமரா வைத்துவிட முடியாது. தெருவையும் பூங்காவையும் கோலாலம்பூரில் மாநகர் மன்றமான டிபிகேஎல்லிடம், பினாங்குத் தீவில் அங்குள்ள மாநகர் மன்றமான எம்பிபிபியிடம் கேட்க வேண்டும். ரயில் நிலையம், பேரங்காடி, கோயில் என்றால் அந்தந்த நிர்வாகத்திடம். கடைக்காரர் கடைக்கு முன்னால் எடுப்பதானால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, நாலு டீ வாங்கிக் குடியுங்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் வேலை நடக்கும்.

"அப்போ பத்துமலைக்கு டிபிகேஎல் லெட்டர் போதுமா?"

போதாது. எல்லாரும் கோலாலம்பூர் என்று நினைத்தாலும் பத்துமலை சிலாங்கூரில், செலாயாங் நகராட்சிக்குள் இருக்கிறது. அதற்கும் மேலாக அது கோயில் தேவஸ்தானத்தின் இடம், முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான். என்ன பாட்டு, என்ன உடை, படியில் ஆட்டம் உண்டா என்று எழுதிக் கொடுங்கள். 272 படிகளையும் அடைத்துக்கொண்டு நின்றால் பக்தர்கள் திட்டத்தான் செய்வார்கள். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் இதே மரியாதை.

"ஜார்ஜ்டவுன் சுவரோவியம் முன்னாடி எடுத்தா அந்த ஓவியர் கேஸ் போடுவாரா?"

ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகள் ஓவியம் 2012இல் வந்ததிலிருந்து இந்தச் சந்தேகமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதில் நம் பக்கம்தான். பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் ஓவியத்தை ஒரு படத்துக்குள் சேர்ப்பதற்கு அது விலக்கு தருகிறது. ஆனால் அதே ஓவியத்தை வெட்டியெடுத்து உங்கள் ஆல்பம் அட்டையாகவோ டிஷர்ட்டாகவோ அச்சடிப்பது வேறு சங்கதி, அதற்கு ஓவியரிடம் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் அந்த ஓவியமே வேண்டாம் என்பேன். ஏற்கெனவே எல்லாருடைய எம்வியிலும் அது வந்தாயிற்று.

"டிரோன் ஷாட் ஒண்ணு வெச்சா கெத்தா இருக்கும்ல?"

இருக்கும், நாலு விநாடிக்கு. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், 400 அடிக்குமேல் போகக் கூடாது. நகர மையத்தில் அனுமதி வாங்குவது பாடு. பினாங்கில் தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். வாடகைக்கு டிரோன் ஓட்டுபவரிடம் அனுமதிக் காகிதத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

"பொம்மைத் துப்பாக்கிதானே அண்ணே, அதுக்கும் பிரச்சினையா?"

ஆமாம். அசல் போலத் தெரியும் போலித் துப்பாக்கியை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் மாட்டும். இரவில் தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போலீசுக்கு யாராவது போன் போடுவார்கள். பாராங்கத்தியும் அப்படித்தான். அந்தக் காட்சி இல்லாமல் பாட்டு நிற்காது என்றால் பாட்டில்தான் கோளாறு.

"இளையராஜா பாட்டு பத்து செகண்ட் மட்டும் எடுத்து பீட்ல போட்டிருக்கேன். யோகி பி அண்ணனே செஞ்சார்ல?"

பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு விதி ஊரெல்லாம் சுற்றுகிறது. அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. நீங்களே திரும்பப் பாடினால் ஒலிப்பதிவிலிருந்து தப்பிக்கலாம், மெட்டு அப்படியேதான் நிற்கும். மெட்டின் உரிமை இங்கே படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குமேல் 50 ஆண்டுக்கும் ஓடும். 1980 பாட்டெல்லாம் சட்டத்தின் கண்ணில் இன்னும் இளசு.

மலேசியத் தமிழ் ராப் குழுவான யோகி பி - நட்சத்ரா, இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை 'வல்லவன்' ஆல்பத்தில் கொண்டுவந்தது 2006. யூடியூபின் கன்டென்ட் ஐடி, அதாவது பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் இயந்திரம், அடுத்த வருடம்தான் வந்தது. இன்றைக்கு நீங்கள் ஏற்றி முடிக்கும்முன் அது பிடித்துவிடும். பிடித்தால் பெரும்பாலும் வீடியோ இருக்கும், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். சில சமயம் முழுக்கவே மறைத்துவிடுவார்கள். அந்த அண்ணனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. மலேசியத் தமிழ் ராப் தன் குரலிலேயே தமிழ்நாடுவரை போனது.

"யூடியூப்ல 'ஃப்ரீ பீட்'னு போட்டிருந்துச்சு, அதான் எடுத்தேன்."

'ஃப்ரீ' என்பது பெரும்பாலும் காசு பார்க்காமல் பாடிப் பழகத்தான். வெளியிட வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும். அதிலும் குறைந்த விலை உரிமம் என்றால் அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்பார்கள். அப்படிப்பட்ட பாட்டுக்கு, ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் பாட்டை ஏற்றித் தரும் உங்கள் விநியோக நிறுவனத்தில் கன்டென்ட் ஐடி போடக் கூடாது. போட்டால் அதே பீட்டில் பாடிய இன்னொருவர் வீடியோவை உங்கள் பெயரில் பிடிக்கும், சண்டை வரும். முடிந்தால் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு இசையமைப்பாளருக்குக் காசு கொடுங்கள்.

"என் பாட்டு, என் சேனல். எனக்கே காப்பிரைட் கிளைம் வந்திருக்கு! என்ன அநியாயம்?"

அநியாயம் இல்லை, நீங்களே போட்ட பூட்டு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் பாட்டை ஏற்றிய விநியோக நிறுவனம், உங்கள் சார்பாக கன்டென்ட் ஐடியிலும் பதிந்திருக்கும். நீங்கள் எம்வியை ஏற்றியதும் அது உங்களையும் பிடிக்கிறது. அந்த நிறுவனத்துக்கு எழுதி உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். எம்வி வருவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளைம் வந்தால் காசு திசை மாறும், சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறலுக்கு யூடியூப் தரும் எச்சரிக்கை, 90 நாளுக்குள் மூன்று வந்தால்தான் சேனலே போகும். இதைக் குழப்பிக்கொண்டு இரவு ஒரு மணிக்கு எனக்குப் போன் செய்யாதீர்கள்.

"தம்பி, என் மகன் பாட்டு ரேடியோல வருது. காசு வரும்ங்கிறாங்க, ஒண்ணும் வரலையே?"

அம்மா, அவர் எம்ஏசிபியில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மெட்டமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும் சேர வேண்டியதை அந்த அமைப்புதான் வசூலித்துத் தருகிறது. சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். பாடியவர்களுக்கு ஆர்பிஎம், ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு பிபிஎம் என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. பதிவில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்பார்கள். அதைப் பாட்டு பதியும் அன்றே, எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பெரிய தொகை வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள் அம்மா.

"எந்த நாள் ரிலீஸ் பண்ணலாம்?"

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் வெள்ளிக்கிழமை வருகின்றன. ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் பட்டியலுக்குப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஆகவே பாட்டை மூன்று நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். எம்வி அதே நாளில் வர வேண்டியதில்லை, ஒரு வாரம் கழித்து விட்டால் இரண்டாவது முறை பேசுவார்கள்.

தீபாவளிப் பாட்டு என்றால் கதை வேறு. கடைசி வாரத்தில் ரேடியோ, கடைகள், கம்பெனிகள் எல்லாம் ஆளுக்கொரு தீபாவளிப் பாட்டை இறக்குவார்கள், அதில் உங்களுடையது காணாமல் போகும். ஒரு மாதம் முன்பே வாருங்கள். தைப்பூச உறுமிப் பாட்டுக்கும் அப்படியே, காவடிக் குழுக்கள் ஒத்திகை பார்க்கும்போது கையில் பாட்டு இருக்க வேண்டும்.

"வியூஸ் வாங்கலாமா? எல்லாரும் வாங்குறாங்க."

போலி வியூசை யூடியூப் கழித்துவிடும், காசு போனது போனதுதான். முறையாக விளம்பரம் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் வந்த பார்வைகளை 2019 முதல் யூடியூப் தன் இசைத் தரவரிசையில் சேர்ப்பதில்லை. அஞ்சு லட்சம் வியூஸ், பன்னிரண்டு கமெண்ட் என்று இருந்தால் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும் புரியும்.

"வரி கொஞ்சம் காரமா இருக்கு. ரேடியோல தடை பண்ணிடுவாங்களா?"

பண்ணலாம். 2017இல் உலகமே பாடிக்கொண்டிருந்த 'டெஸ்பாசிட்டோ'வை, புகார்கள் வந்த பிறகு அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம் நிறுத்தியது. ஆனால் அந்தத் தடை ஆர்டிஎம் அலைவரிசைகளோடு சரி, யூடியூபில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காரமான வரி வேண்டுமென்றால் ரேடியோவுக்கு இன்னொரு வடிவம் ஒலிப்பதிவு அன்றே பாடி வைத்துக்கொள்ளுங்கள். 'பீப்' போட்டுக் கொடுத்தால் கேவலமாக இருக்கும். டிவிக்குப் போவதானால் சிகரெட், பாட்டில் காட்சிகளுக்கும் மாற்று ஷாட் எடுத்து வையுங்கள்.

"எம்வி எடுத்தவர் ரா ஃபுட்டேஜ் தரமாட்டேங்கிறார். காசு நாங்கதானே கொடுத்தோம்? வீடியோ யாருக்குச் சொந்தம்?"

நம் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே படைப்பின் உரிமை போகிறது. ஆக எம்வி பெரும்பாலும் உங்களுடையது. ஆனால் உரிமை உங்களுடையது என்பதும், வெட்டாத காட்சிகள் அத்தனையும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, நீங்கள் முன்கூட்டியே என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது. எடுத்தவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வெட்டாத காட்சியை யாரோ மோசமாகத் தொகுத்துப் போட்டால் பெயர் கெடுவது அவருக்கு.

பெரிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். எத்தனை முறை திருத்தம், எப்போது முடியும், ரா ஃபுட்டேஜ் உண்டா இல்லையா, உண்டென்றால் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி, அவர் 'ஓகே' போட்ட பிறகு முன்பணம் கொடுங்கள். சூட்டிங் அன்று ஒரு ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக்கொண்டு போய், இரவே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இந்தச் சண்டைகளில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.